வட்டி ஏறினால் பங்கு இறங்குவதேன்?

2025 நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, நமது அலுவலகத்துக்கு வயது முதிர்ந்த தோழர் ஒருவர் வந்தார். பஞ்சாலையிலே இளமையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர். 1936 ஜூலை 30-ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்கு இரையான வரலாற்றைத் தம் தந்தையின் வாயால் கேட்டு வளர்ந்தவர். கையிலே ஒரு பத்திரிகை நறுக்கு. முகத்திலே கோபம் பாதி, குழப்பம் பாதி.

"தோழர், விலைவாசி ஏற்றம் கால் பர்சென்ட்தான்னு போட்டிருக்கான். நான் காலையிலே பெரிய மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத்தான் வர்றேன். மீனும் குறையலே, எண்ணெயும் குறையலே. யாருக்குய்யா இந்தக் கணக்கு?" என்றார். உட்காரச் சொன்னோம். உட்கார்ந்த பிறகு மெதுவாக இரண்டாவது கேள்வியை எடுத்தார். அதுதான் அவர் வந்த காரணம். "பையன் சொல்றான்: பாங்கியிலே கிடக்கிற என் பணத்தை எடுத்து ஷேரிலே போடணுமாம். விலைவாசி இறங்கிப்போச்சு, இனி வட்டியைக் குறைப்பான், வட்டி குறைஞ்சா ஷேர் ஏறும் என்கிறான். இந்தக் கால் பர்சென்ட்டுக்கும் ஷேருக்கும் என்ன சம்பந்தம்?"

ஒரு தலைமுறைக்கு முன் இந்தக் கேள்வி வந்திருந்தால், "பங்கு மார்க்கெட் என்பது பம்பாய் தலால் தெருவிலே பணம் படைத்தவன் ஆடும் ஆட்டம், பஞ்சப்படிக்குப் போராடுகிறவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டு, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்போம். இன்று அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். தொழிலாளி அங்கே போகவில்லை. ஆனால் தொழிலாளியின் பணம் அங்கே போய்விட்டது! 2015 ஆகஸ்டு முதல், தொழிலாளர் வைப்பு நிதியில் புதிதாகச் சேரும் பணத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மார்க்கெட்டுக்குத் திருப்பிவிடப்பட்டது. 2016-இல் அது பத்தாயிற்று; 2017-இல் பதினைந்தாயிற்று. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், சர்க்கார் கேட்கவில்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டும் தம்பி ஒருவன் தன் வாழ்நாளில் ஒரு ஷேர்ப் பத்திரத்தையும் கண்ணால் கண்டிருக்கமாட்டான். ஆனாலும் அவன் ஒரு முதலீட்டாளன். தலால் தெருவிலே தும்மினால் அவனுக்கும் ஜலதோஷம் பிடிக்கும்.

ஆகையால் தோழரின் கேள்வி நம் எல்லோருடைய கேள்வி. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கால் சதவிகிதம் என்றால் என்ன?

முதலில் அந்தப் பத்திரிகை நறுக்கு. ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி வாக்கில், மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா சில்லறை விலைவாசிக் கணக்கை வெளியிடுகிறது. 2025 அக்டோபருக்கு வந்த கணக்கு 0.25 சதவிகிதம். 2012-ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து எடுத்த கணக்கிலேயே இவ்வளவு குறைவாக ஒரு மாதமும் வந்ததில்லை. பொய்க்கணக்கா? இல்லை. ஆனால் அது சொல்லும் சேதி வேறு. நாம் காதில் வாங்கிக்கொள்ளும் சேதி வேறு.

2023 அக்டோபரில் நூறு ரூபாய் விலையுள்ள ஒரு கூடைப் பண்டம் என்று வைத்துக்கொள்வோம். 2024 அக்டோபரில் விலையேற்றம் 6.21 சதவிகிதம், கூடையின் விலை 106 ரூபாய் 21 காசு. 2025 அக்டோபரில் ஏற்றம் கால் சதவிகிதம். கூடையின் விலை ஏறத்தாழ 106 ரூபாய் 48 காசு. ஏறிய ஆறு ரூபாய் எங்கேயும் இறங்கிவிடவில்லை. மேற்கொண்டு ஏறுவதுதான் ஏறக்குறைய நின்றிருக்கிறது. மாடிப்படியில் ஏறுகிறவன் ஒரு படியில் நின்று மூச்சு வாங்கினால், அவன் கீழே வந்துவிட்டான் என்று யாராவது சொல்வார்களா? உணவுப் பண்டங்கள் மட்டும் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு ஐந்து இறங்கியிருந்தன. உண்மை. ஆனால் அந்த முந்திய ஆண்டு அக்டோபரில் அதே உணவுப் பண்டங்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறியிருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் பல பண்டங்களுக்குச் சரக்கு சேவை வரி குறைக்கப்பட்டதும் இதில் சேர்ந்துகொண்டது. காய்கறி இறங்கினால் பாகூர் விவசாயியின் வயிறு எரிகிறது என்பது தனிக்கதை. அதை இன்னொரு நாள் எழுதுவோம்.

"அப்படியானால் மார்க்கெட்டில் நான் கண்டது சரிதானே?" என்றார் தோழர். சரிதான். அவர் கண்டது விலை. பத்திரிகை சொன்னது விலையின் வேகம். பங்கு மார்க்கெட்டுக்காரன் கவலைப்படுவது இந்த வேகத்தைப் பற்றித்தான். ஏனென்றால் வேகத்தைப் பார்த்துத்தான் ரிசர்வ் பாங்கி வட்டியைக் கூட்டுகிறது, குறைக்கிறது. 2016-இல் சட்டமே திருத்தப்பட்டது. விலையேற்றம் நூற்றுக்கு 4-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 2-க்குக் கீழே போகக்கூடாது, 6-க்கு மேலே போகக்கூடாது என்று ரிசர்வ் பாங்கிக்குக் கட்டளை. ஆறு பேர் கொண்ட ஒரு குழு கூடி வட்டியைத் தீர்மானிக்கிறது. பாங்கிகள் ரிசர்வ் பாங்கியிடம் கைமாற்று வாங்கும் வட்டி அது. ரெப்போ வட்டி என்பது அதன் பெயர். அது ஏறினால் வீட்டுக் கடன், வண்டிக் கடன், பட்டறைக் கடன் எல்லாம் ஏறும்.

சரி, பங்கின் விலைக்கும் இதற்கும் என்ன? அதற்கு நாம் பம்பாய் போக வேண்டியதில்லை. நம் ஊர்க் கடற்கரைப் பக்கம் நடந்தால் போதும்.

புதுச்சேரியே பங்காக இருந்த காலம்

பிரெஞ்சுக்காரர் குடியிருந்த பகுதியிலே லாவ் தே லொரிஸ்தோன் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் வந்த ழான் லா என்பவர்தான், ஆங்கிலேயர் 1761-இல் இந்நகரைத் தரைமட்டமாக்கிய பிறகு, 1765-இல் கவர்னராக வந்து அதை மீண்டும் எழுப்பியவர். அவருடைய பெரியப்பா ஒருவர் உண்டு: ஜான் லா. ஸ்காத்லாந்துக்காரர், சூதாட்டத்திலே கெட்டிக்காரர், கணக்கிலே புலி. பிரான்சு நாட்டின் கஜானாவையே தம் கையில் எடுத்துக்கொண்டவர்.

1719-இல் இந்த ஜான் லா, கிழக்கிந்தியாவில் வியாபாரம் செய்துவந்த பழைய பிரெஞ்சுக் கம்பெனியைத் தம் கம்பெனியோடு சேர்த்துக்கொண்டார். அந்தப் பழைய கம்பெனியின் சொத்தில் ஒன்றுதான் நம் புதுச்சேரி! ஆக, பாரிசு மாநகரில் கேன்காம்ப்வா என்ற சந்திலே சீமான்களும் சமையற்காரர்களும் முட்டி மோதிக்கொண்டு வாங்கிய பங்கிலே, நம் ஊர்த் தறிக்காரன் நெய்த துணியும் ஒரு நூலாக இருந்தது. அவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. இன்றைக்கு லேத்துத் தம்பிக்குத் தெரியாதது போலத்தான்.

500 லிவ்ர் முகவிலையுள்ள அந்தப் பங்கு, 1719 முடிவதற்குள் ஏறத்தாழ 10,000 லிவ்ருக்குப் போயிற்று. எப்படி? லா அறிவித்த லாப ஈவு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 200 லிவ்ர். 10,000 கொடுத்து வாங்கியவனுக்கு இது நூற்றுக்கு இரண்டுதான். அதைப் போய் எவன் வாங்குவான்? வாங்கினான். ஏனென்றால் நாட்டிலே கடன் வட்டியையே லா நூற்றுக்கு இரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கடன் கொடுத்தாலும் இரண்டுதான், பங்கு வாங்கினாலும் இரண்டுதான் என்றால், 10,000 என்பது அநியாய விலையாகத் தோன்றவில்லை.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வட்டி நூற்றுக்கு ஐந்தாக இருந்தால்? 200 லிவ்ர் வட்டி கிடைக்க 4,000 லிவ்ர் கடன் கொடுத்தால் போதும். பிறகு அதே 200 தரும் பங்குக்கு 10,000 எவன் தருவான்? நாலாயிரத்துக்குத்தான் கேட்பான். கம்பெனி அதேதான். கப்பல் அதேதான். புதுச்சேரித் துணி அதேதான். வட்டி மட்டும் இரண்டிலிருந்து ஐந்தானால் பங்கின் விலை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. வட்டி ஏறினால் பங்கு இறங்குவதன் அடிப்படை இவ்வளவுதான். மற்ற வியாக்கியானமெல்லாம் இதற்குப் போட்ட கால்சட்டையும் கோட்டும்.

லாவின் கதை எப்படி முடிந்தது? வட்டியைக் குறைத்தே வைத்திருக்க நோட்டை அச்சடித்துத் தள்ளினார். நோட்டுப் பெருகியது, பண்டங்களின் விலை பறந்தது. 1720 மே மாதம், பங்கின் விலையையும் நோட்டின் மதிப்பையும் படிப்படியாகப் பாதியாக்குவதாக உத்தரவு போட்டார். பாரிசே கொதித்தெழுந்தது. உத்தரவைச் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். போன நம்பிக்கை திரும்பவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் லா நாட்டைவிட்டு ஓடினார். 1729-இல் வெனிசு நகரில் இறந்தார். விலைவாசி, வட்டி, பங்கு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டிய மூன்று பானைகள் என்று பிரெஞ்சுக்காரன் அன்றே பட்டுத் தெரிந்துகொண்டான்.

2022 மே 4

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2022 மே 4-ஆம் தேதி, புதன்கிழமை. அன்று காலைதான் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. 1956-இல் 245 கம்பெனிகளை ஒன்றாக்கித் தேசத்தின் சொத்தாக்கிய நிறுவனம் அது. தம் மனைவி மக்களுக்காக ஆண்டாண்டாகப் பிரீமியம் கட்டிய பாலிசிதாரர்களுக்கு, "வாருங்கள், உங்களுக்குத் தனி ஒதுக்கீடு, தனித் தள்ளுபடி" என்று அழைப்பு. பங்கின் விலை 949 ரூபாய். பாலிசிதாரருக்கு 60 ரூபாய் கழித்து 889. குறைந்தது 15 பங்கு வாங்க வேண்டும். ஆக 13,335 ரூபாய். அதற்கு முன்பு ஒரு பங்கும் வாங்கியறியாத எத்தனையோ எளிய குடும்பங்கள் இதற்காகவே டீமாட் கணக்கைத் திறந்தன.

காலையில் கடை திறந்தாயிற்று. பிற்பகல் 2 மணிக்கு ரிசர்வ் பாங்கி கவர்னர் சக்திகாந்த தாஸ், முன்னறிவிப்பு இல்லாமல், ரெப்போ வட்டி 4-லிருந்து 4.40 ஆக்கப்படுவதாக அறிவித்தார். பாங்கிகள் வைத்திருக்க வேண்டிய ரொக்கக் கையிருப்பும் அரை சதவிகிதம் கூட்டப்பட்டது. அன்று மாலைக்குள் சென்செக்ஸ் 1,307 புள்ளி சரிந்தது. ஒரே சர்க்காரின் ஆட்சியில், ஒரே நாளில், வலது கை பங்கை விற்கிறது. பங்கின் விலையை இறக்கும் காரியம் இன்னொரு கையிலே நடக்கிறது! ரிசர்வ் பாங்கி தனி அமைப்பு, அதன் முடிவு அதனுடையது என்பார்கள். இருக்கட்டும். காலையில் விண்ணப்பம் எழுதிய பாலிசிதாரனுக்கு அந்த வேற்றுமை என்ன பயன் தந்தது?

மே 17-இல் அந்தப் பங்கு பம்பாய் மார்க்கெட்டில் 867 ரூபாய் 20 காசுக்குத் திறந்தது. தள்ளுபடி விலைக்கும் கீழே! 2023 மார்ச்சு மாதக் கடைசியில் 534 ரூபாய் வாக்கில் இருந்தது. 13,335 ரூபாய் போட்டவன் கையில் எட்டாயிரத்துச் சொச்சம். பொறுத்திருந்தவனுக்கு 2024 பிப்ரவரியில் ஆயிரத்தைத் தாண்டியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் மகள் கலியாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ 2023-இல் பணம் தேவைப்பட்டவன் எப்படிப் பொறுத்திருப்பான்? பொறுமையும் ஒரு சொத்து. அது பணக்காரனிடத்தில்தான் அதிகம் இருக்கிறது.

வட்டி மட்டுமே இதற்கெல்லாம் காரணம் என்று நாம் சொல்லவில்லை. உக்ரேன் யுத்தம் இருந்தது. அதையொட்டி எண்ணெய் விலை ஏறியிருந்தது. அமெரிக்காவிலே விலையேற்றம் 2022 ஜூனில் 9.1 சதவிகிதம், நாற்பது ஆண்டுகளில் காணாத ஏற்றம். அந்நாட்டு மத்திய பாங்கி 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்யமாக இருந்த வட்டியை, 2023 ஜூலைக்குள் ஐந்தேகால், ஐந்தரை என்று உயர்த்திவிட்டது. தன் ஊரிலேயே ஐந்து கிடைக்கும்போது அந்நிய முதலீட்டுக்காரன் இங்கே ஏன் இருப்பான்? 2022 ஜூன் ஒரு மாதத்தில் மட்டும் இந்தியப் பங்குகளை விற்று ஏறத்தாழ ஐம்பதாயிரம் கோடி ரூபாயை வெளியே கொண்டுபோனான். வாஷிங்டனிலே முட்டை விலை ஏறினால் வில்லியனூர் பாலிசிதாரனின் பங்கு இறங்குகிறது. இதுதான் இன்றைய உலகம்.

நம் ரிசர்வ் பாங்கியும் நிற்கவில்லை. 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 6.50. பத்து லட்சம் ரூபாய் வீட்டுக் கடனை இருபது ஆண்டுகளுக்கு நூற்றுக்கு 7 வீதம் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 7,750 ரூபாய். அதே கடன் ஒன்பதரை ஆனால் 9,320. மாதம் 1,570 ரூபாய் கூடுதல். கடன்காரனுக்கு இந்த ஏற்றம் சீக்கிரமே வந்து சேர்ந்தது. 2019 அக்டோபர் முதல் புதிய வீட்டுக் கடன்களும் சிறு தொழில் கடன்களும் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் இந்த ரெப்போ வட்டியோடு, கட்டப்பட்டுவிட்டன. ஆனால் பாங்கியிலே பணம் போட்டவனுக்கு வட்டி ஏறியது ஆமை வேகத்தில்தான். கொடுப்பதற்கு நத்தை, வாங்குவதற்குக் குதிரை!

குறைத்தாலும் இறங்கும்

தோழரின் பையன் சொன்ன கணக்குக்கு வருவோம். "வட்டி குறையும், ஷேர் ஏறும்." பாதி சரி. அந்தப் பாதியை நம்பிக் கைப்பணத்தைப் போடுவதுதான் ஆபத்து.

2025 பிப்ரவரி 7. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக ரெப்போ வட்டி குறைக்கப்பட்டது, 6.50-லிருந்து 6.25. பையனின் கணக்குப்படி சென்செக்ஸ் துள்ளியிருக்க வேண்டும். அன்று அது ஏறத்தாழ இருநூறு புள்ளி இறங்கியது. அதே ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி அரை சதவிகிதம் குறைத்தார்கள். அன்று ஏறத்தாழ 750 புள்ளி ஏறியது. முதலாவது இறங்குவானேன், இரண்டாவது ஏறுவானேன்?

பிப்ரவரியில் கால் சதவிகிதம் குறையும் என்று எல்லோரும் முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தார்கள். வாங்க வேண்டியவன் முன்பே வாங்கிவிட்டான். ஜூனிலும் கால்தான் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்தார்கள், வந்தது அரை. அத்தோடு ரொக்கக் கையிருப்பிலும் ஒரு சதவிகிதம் தளர்த்தினார்கள். பங்கு மார்க்கெட்டைத் துள்ளச் செய்வது செய்தியல்ல. எதிர்பார்ப்புக்கும் செய்திக்கும் இடையிலுள்ள இடைவெளி. நாளைக் காலைப் பத்திரிகையில் விலைவாசிப் புள்ளியைப் படித்துவிட்டு நீங்கள் பங்கு வாங்கப் போகும்போது, அந்தப் புள்ளியைக் கம்ப்யூட்டரிலே முந்திய நாளே விழுங்கி ஏப்பம் விட்டிருப்பான் பெரிய கம்பெனிக்காரன். நமக்குக் கிடைப்பது அவன் தின்ற இலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றுகிறோம் என்கிறார்களே, எந்த விலைவாசியை? 2023 ஜூலையில் விலையேற்றம் 7.44 சதவிகிதத்துக்குப் போயிற்று. முக்கியக் காரணம் தக்காளி! வட்டியை ஏற்றினால் தக்காளிச் செடி இரண்டு காய் கூடுதலாகக் காய்க்குமா? நல்லவேளையாக அந்த ஆகஸ்டில் குழு வட்டியைத் தொடவில்லை. 2012 அடிப்படைக் கணக்கில் உணவும் பானமும் நூற்றுக்கு 46 பங்கு இடம் பிடித்திருந்தன. மழை தவறினாலும், லாரி நின்றாலும், பதுக்கல்காரன் பூட்டி வைத்தாலும் புள்ளி ஏறும். ஏறினால் வட்டி ஏறுமோ என்ற பயம் வரும். பயம் வந்தால் பங்கு இறங்கும். தக்காளி வியாபாரியையே அறியாத ஒரு சிமெண்டுக் கம்பெனியின் பங்கும் சேர்ந்து இறங்கும்.

நமக்கு இன்னொரு புள்ளி இருக்கிறது. தோழர்கள் அதை மறந்துவிடக்கூடாது. மத்தியத் தொழிலாளர் இலாகாவின் லேபர் பீரோ, ஆலைத் தொழிலாளருக்கென்று தனி விலைவாசிப் புள்ளி எடுக்கிறது. 2016-ஐ அடிப்படையாக வைத்து, நாட்டில் 88 நகரங்களில். அந்த 88-இல் புதுச்சேரியும் ஒன்று. பஞ்சப்படி கணக்கிடுவது இதைக்கொண்டுதான். பழைய கணக்கில் உணவுக்கு நூற்றுக்கு 46 இடமிருந்தது. 2020 அக்டோபரில் வெளியிட்ட புதிய கணக்கில் அது 39 ஆகியது. தொழிலாளி முன்னைவிட வாடகைக்கும் படிப்புக்கும் மருந்துக்கும் அதிகம் செலவழிக்கிறான் என்பது காரணம். அது உண்மைதான். ஆனாலும் சோற்றின் விலை ஏறும்போது பஞ்சப்படிப் புள்ளி முன்போல் ஏறாது என்பதும் உண்மை. முதல் புள்ளி வெளிவருவதைத் தலால் தெரு வினாடி எண்ணிக் காத்திருக்கிறது. இரண்டாவது புள்ளி மாதக் கடைசியில் வருகிறது. அதற்குக் காத்திருக்க வேண்டியவர்கள் நாம். நம்மில் எத்தனை கிளைச் சங்கங்கள் அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுகின்றன?

விலைவாசியைக் கையால் தொட்டு அறிந்த ஊர் இது. 2015 செப்டம்பரில், ரேஷன் அரிசிக்குப் பதில் ரொக்கத்தைக் கணக்கில் போடும் சோதனைக்குச் சண்டிகாரையும் நம் புதுச்சேரியையும்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். அரிசி கையில் இருந்தால் விலை ஏறினாலும் அது அரிசிதான். ரூபாய் கையில் இருந்தால், அது எத்தனை படி அரிசி என்பதைக் கடைக்காரன் சொல்ல வேண்டும். 2024 தீபாவளியை ஒட்டித்தான் ரேஷன் கடைகள் மறுபடி அரிசி போடத் திறந்தன. விலைவாசிப் புள்ளி என்றால் என்ன என்று நம் தாய்மார்களுக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

அனுப்பிய கடிதம் எங்கே?

சட்டத்தைச் சொன்னோமே, அதிலே இன்னொரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் விலையேற்றம் 6-க்கு மேல் போனால், ஏன் தவறினோம், என்ன செய்யப்போகிறோம் என்று ரிசர்வ் பாங்கி சர்க்காருக்கு எழுத்து மூலம் அறிக்கை தரவேண்டும். 2022 ஜனவரி முதல் செப்டம்பர் வரை அப்படியே ஆயிற்று. 2022 நவம்பர் 3-இல் குழு தனியாகக் கூடியது, அறிக்கை போயிற்று. என்ன எழுதினார்கள்? மக்களுக்குச் சொல்லவில்லை! அந்தக் கடிதத்தை நாங்கள் வெளியிட மாட்டோம் என்று கவர்னரே சொன்னார். விலையேற்றத்தால் வயிற்றைக் கட்டியவன் பொதுஜனம். விளக்கம் மட்டும் உறைக்குள்ளே. 1957-58-இல் முந்த்ரா விவகாரத்தில் இதே ஆயுள் இன்ஷூரன்ஸ் பணத்தைச் சில கம்பெனிப் பங்குகளில் போட்டது பார்லிமெண்டிலே வெளிப்பட்டபோது, சாக்ளா கமிஷன் பகிரங்கமாக விசாரித்தது. நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அன்றைக்கு ஒரு கோடியே இருபத்துநாலு லட்சத்துக்குக் கேள்வி கேட்டார்கள்.

நம் கோரிக்கை பெரிதல்ல. வைப்பு நிதிக்கும் தபால் ஆபீஸ் சேமிப்புக்கும் தரும் வட்டி, விலையேற்றத்துக்குக் கீழே போகக்கூடாது என்று சட்டத்தில் எழுதட்டும். 2021-22-க்கு வைப்பு நிதிக்குத் தந்த வட்டி 8.1, 1977-78-க்குப் பிறகு அவ்வளவு குறைவாகத் தந்ததே இல்லை. 2022 ஏப்ரலில் விலையேற்றம் 7.79. அதே சமயம் பாங்கி வைப்புக்கு ஐந்தும் ஐந்தரையும்தான். லட்சம் ரூபாய் போட்டவன் ஆண்டு முடிவில் 1,05,500 வாங்குவான். விலைவாசி அதே வேகத்தில் ஏறினால் லட்ச ரூபாய்ப் பண்டம் 1,07,790 ஆகிவிடும். சேமித்ததற்கு 2,290 ரூபாய் அபராதம்! இது நடவாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் ஊர்ச் சொல்தா குடும்பங்களைக் கேளுங்கள். பிரான்சிலே 'லிவ்ரே ஆ' என்ற சிறுசேமிப்புக் கணக்கின் வட்டியை, விலையேற்றத்தையும் பாங்கி வட்டியையும் சேர்த்துப் பார்த்துச் சூத்திரம் போட்டு நிர்ணயிக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் 1 ஆக இருந்தது 2023 பிப்ரவரியில் 3 ஆயிற்று. அங்கும் விலையேற்றத்துக்கு அது ஈடாகவில்லைதான்; சூத்திரம் என்று ஒன்றாவது இருக்கிறது.

இங்கே அது இல்லாததால்தான் சேமிப்பவன் பங்கு மார்க்கெட்டை நோக்கித் தள்ளப்பட்டான். 2020 மார்ச்சில் நாட்டில் ஏறத்தாழ நாலு கோடி டீமாட் கணக்குகள். 2025-இல் இருபது கோடி. எல்லோரும் ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர். வட்டி போதாமல் போனவர்களும் உண்டு. போனவர்களில் ஒரு பகுதி இன்னும் ஆழமான மடுவிலே இறங்கிவிட்டது. புள்ளி ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டும் பியூச்சர், ஆப்ஷன் வியாபாரம். வட்டி முடிவு வரும் நாளில் நம் இளைஞர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதற்குத்தான். செபி என்ற கண்காணிப்பு வாரியமே 2024 செப்டம்பரில் கணக்கு வெளியிட்டது: மூன்று ஆண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டம், மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடிக்கு மேல். லாட்டரிச் சீட்டிலாவது போனது ஒரு ரூபாயோடு போயிற்று.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்போ நான் என்ன செய்யட்டும்?" என்றார் தோழர். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம். கடன் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். பன்னிரண்டு வட்டிக் கடனை வைத்துக்கொண்டு பங்கு வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது. ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்கிலே போடக்கூடாது. வட்டி ஒரு நாள் பிற்பகல் 2 மணிக்கு ஏறும், நம்மைக் கேட்டுக்கொண்டு ஏறாது. அறுபது கடந்தவர்களுக்குத் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்பு உண்டு. 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 ஆக்கப்பட்டது, தோழர் வந்த நாளிலும் அதுவே. ஐந்தாண்டுக்குப் போட்டால் போட்ட நாள் வட்டி மாறாது. நடுவிலே ரெப்போ இறங்கினாலும் அவர் வட்டி இறங்காது. அந்த டிசம்பர் 5-ஆம் தேதியே ரெப்போவை 5.25 ஆக்கினார்கள்.

"பையன்?" என்றார். பையனுக்கு வயது இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, பொறுக்க நேரம் இருக்கிறது. அவன் தன் சம்பளத்தில் மாதம் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும். அப்பனின் வைப்பு நிதியை வைத்து வேண்டாம். பந்தயம் அறவே வேண்டாம்.

தோழர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நறுக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இந்தப் புள்ளி மறுபடி எப்போ வரும்?" என்று கேட்டார். அடுத்த மாதம் 12-ஆம் தேதி, சாயங்காலம் நாலு மணிக்கு என்றோம். "சரி, நான் மார்க்கெட் போய்விட்டு, என் புள்ளியையும் எழுதிக்கொண்டு நாலு மணிக்கு வர்றேன். இரண்டையும் ஒத்துப் பார்ப்போம்" என்று சொல்லி எழுந்து போனார்.